தண்ணீர் போகும் வழி பார்த்தவர்

பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நான் நிறையப் படித்தவன். ஆகவே பிறர் சொல்வதைக் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. மலாயாவில், ரெங்கத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கல்யாணம். இலை போட்டதும் நாங்கள் எல்லாரும் இலையைப் பார்த்தோம். அவர் மட்டும் தரையைப் பார்த்தார். பிறகு குடிக்க வைத்த தண்ணீரில் பாதியைத் தரையில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஊர்கிறது என்று குனிந்து கவனித்தார். அது நிதானமாக என் வேட்டியை நோக்கி வந்தது.

"கிராணி ஐயா, எந்திரிச்சு இந்தாண்ட வந்துருங்க. இந்த வரிசையில எவன் எலையில ரசம் வழிஞ்சாலும் ஒங்ககிட்டத்தான் வரும்."

சபை நடுவில் எழுந்து இடம் மாறுவது என் கௌரவத்துக்குச் சரிப்படவில்லை. "பரவாயில்லை மண்டோரே" என்றேன். நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்தவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய ரசம் மட்டும் என்னைத் தேடிக்கொண்டு வந்தது. மணமக்களுக்கு அட்சதை போடும்போது முன்பக்கம் மறையும்படி தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர் எங்கள் இலாகாவில் மண்டோர். சாலையும் வடிகாலும் போடும் பன்னிரண்டு கூலிகளுக்குத் தலைவர். நான் அதே இலாகாவில் கிராணி. அவர்கள் செய்ததை எல்லாம் இங்கிலீஷில் எழுதித் துரைக்கு அனுப்புகிறவன். மண்டோர் இடுப்புக் கயிற்றில் ஒரு பால் டின்னைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார். எங்கே வேலை என்றாலும் முதலில் அதில் தண்ணீர் மொண்டு ஊற்றி, அது ஓடி நிற்கும்வரை குந்திக்கொண்டிருப்பார். அதுவரை யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது.

"என்னா அண்ணே, தண்ணிகிட்ட சோசியம் கேக்கறீங்களா?" என்பான் அவருடைய ஆள் முனியன்.

"ஆமாடா. ஒன் சாதகத்தத்தான் கேட்டேன். இன்னிக்கி ஒழுங்கா வேல செய்வியான்னு. அதுகூட நின்னு யோசிக்குது பாரு."

எனக்குக் குவார்ட்டர்ஸ் புதிதாகக் கட்டிக் கொடுத்தபோது மண்டோர் ஒருநாள் வந்தார். என் மனைவி காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளர் கழுவிய தண்ணீரைச் சமையலறைத் தரையில் விட்டார். "தங்கச்சி, அரிசி மூட்டைய அந்த மூலையில வைக்காதீங்க" என்றார். அவள் அந்தக் கணமே மூட்டையை இழுத்து மாற்றினாள். நான் சாயங்காலம் வந்து, வீட்டின் அமைப்பு கெடுகிறது என்று சொல்லி மறுபடி பழைய இடத்திலேயே வைத்தேன். மழைக்காலத்தில் அரிசி நனைந்து பூசணம் பூத்தது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவள் பேசாத வார்த்தைகளில் அதுதான் மிக நீளமானது.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. கூலிகளில் ஒருவருடைய மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். குழி வெட்டியாயிற்று, பாடையும் வந்தாயிற்று. மண்டோர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க வேணாம், மேல வெட்டுங்க" என்றார். உச்சி வெயில். புருஷன்காரன் அழுதுகொண்டே இவரைக் கெட்ட வார்த்தையால் திட்டினான். இவர் மறுபேச்சுப் பேசாமல் சட்டையைக் கழற்றிவிட்டுத் தாமே வெட்ட ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம். பிணம் மரத்தடியில் காத்துக்கிடந்தது. எனக்கு அன்று அவர்மேல் கோபம்தான் வந்தது. இறந்தவளுக்கு இனி என்ன நனையப்போகிறது என்று கேட்டேவிட்டேன்.

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. இவன்தான் மழை பேயறப்பல்லாம் நெனைச்சிக்கிட்டு கெடப்பான்" என்றார்.

இப்படி ஒரு மனிதரைக் கடற்கரைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று இலாகா யோசித்திருக்க வேண்டும். யோசிப்பது என் வேலை, நான்தான் யோசிக்கவில்லை.

மெர்சிங்குக்குத் தெற்கே பொதுஜனங்களுக்கென்று விட்டிருந்த ஒரு கடற்கரைப் பூங்கா இருந்தது. அதில் கூடாரம் அடித்துத் தங்க ஓர் இடம். இடம் என்று அதைச் சொல்வது மரியாதைக்காக. ஓலைக் கொட்டகை நான்கு, உப்புக் கரிக்கும் கிணறு ஒன்று, காற்று போகும் புறமாகக் கட்ட வேண்டிய கக்கூஸைக் காற்று வரும் புறமாகக் கட்டி வைத்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி மோட்டாரில் வரத் தொடங்கிய வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடிதம் எழுதினார்கள். அதனால் அந்த முகாமைப் புதிதாக வகுத்துச் செப்பனிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சிமெண்டு உறை இறக்கிய கிணறு, சமையல் கொட்டகைகள், மோட்டார் நிறுத்த இடம், ஒவ்வொரு கூடாரத்துக்கும் வெள்ளை அடித்த கல் நட்டு எல்லை. எல்லாம் நீலத்தாளில் அழகாக வரைந்து வந்தது.

நீலத்தாளின்படி, சவுக்கு மரங்கள் நிற்கும் மணல் மேடு வெள்ளைக்காரர்களுக்கு. மேட்டுக்குப் பின்னால், ஓடை கடலில் விழும் இடத்தை ஒட்டிய பள்ளம் மற்றவர்களுக்கு. மற்றவர்கள் என்றால் நாங்கள்.

ஆவணியில் வேலை தொடங்கிற்று. மண்டோர் பள்ளத்தில் இறங்கி வழக்கம்போல் டின்னைக் கவிழ்த்தார். தண்ணீர் ஓடவே இல்லை. மணல் ஒரே மடக்கில் குடித்துவிட்டது. முனியன் கைதட்டினான். "அண்ணே, ஒங்களுக்கே தண்ணி காட்டிருச்சு!" மண்டோர் சிரிக்கவில்லை. இன்னொரு டின் ஊற்றினார். அதுவும் போயிற்று.

"கீழதான் போவுது" என்றார் என்னிடம். "போனது அங்கயே இருக்குமாங்க?"

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பள்ளத்தின் நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினார். அடியில் தண்ணீர் தெரிந்தது. அதில் ஒரு கழியை நட்டார். பௌர்ணமிதோறும் கடல் ஏறி நிற்கும் நேரத்தில் போய், குழித் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று கழியில் கத்தியால் ஒரு கீறு போட்டுவிட்டு வருவார். புரட்டாசிக் கீறு ஆவணிக் கீற்றுக்கு மேலே இருந்தது. ஐப்பசி அதற்கும் மேலே. மார்கழியில், வடகிழக்குக் காற்று கடலைக் கரைமேல் தள்ளிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குழியை விட்டு வெளியே வந்து அவர் பாதத்தை நனைத்தது. மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கடல் அந்தப் பள்ளத்துக்குள் தரைக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இதற்குள் நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தேன். திறப்பு விழாவுக்கு நல்ல நாளாக ஒன்று சொல் என்று துரை கேட்டிருந்தார். மாசி மகம் என்று எழுதிக் கொடுத்தேன். தோட்டங்களில் அன்று விடுமுறை வாங்கிக்கொண்டு நம் ஜனங்கள் கடலாட வருவார்கள், கூட்டம் சேரும், மழையும் ஓய்ந்திருக்கும். என் சாமர்த்தியத்தைத் துரை பாராட்டினார். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நிலவு பார்க்க அழகாக இருக்கும் என்று அதையும் எழுதியிருந்தேன்.

மண்டோர் கழியைப் பிடுங்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"ஐயா, மகத்தன்னிக்கு அந்தப் பள்ளத்துல ஆளுங்கள எறக்குனா, தண்ணி கீழயிருந்து வரும், ஓடையிலயும் ஏறும். ரெண்டும் சேந்தா இடுப்புக்கு மேல. சின்னப் புள்ளைங்கள அள்ளிட்டுப் போயிரும். எடத்த மேட்டுக்கு மாத்தச் சொல்லி எழுதுங்க. நான் சொன்னபடியே எழுதுங்க."

இங்கே என் இங்கிலீஷைப் பற்றி ஒரு வார்த்தை. இலாகாவில் அதற்கு நல்ல பெயர். பெரிய பெரிய கட்டுரைகளைப் படித்து வளர்த்தது. எந்தச் செய்தியையும் யாருக்கும் வலிக்காமல் எழுதுவேன். அதோடு ரப்பர் விலை விழுந்திருந்த காலம் அது. மாதாமாதம் ஆள் குறைக்கும் பட்டியல் வரும். பேர் அடிபட்டவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவார்கள். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறவனும் நானே. ஒவ்வொரு முறையும் கடைசிப் பெயருக்குக் கீழே எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்று என் கண் அளந்து பார்க்கும். அப்படிப்பட்ட சமயத்தில், துரை, உங்கள் நீலத்தாள் குழந்தைகளைக் கொல்லும் என்று எழுத என் பேனாவுக்குப் பழக்கமில்லை.

நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மேற்படி தாழ்ந்த நிலத்தில், குறிப்பிட்ட சில பருவங்களில், ஓரளவு ஈரம் காணக்கூடும் என மண்டோர் பணிவுடன் கருதுகிறார்."

நாலாம் நாள் பதில் வந்தது. ஒரே சொல். கவனிக்கப்பட்டது. கோப்பில் போட்டாயிற்று என்பதற்கு அது இலாகா பாஷை.

"தொரை என்னா சொன்னாருங்க?"

"கவனிச்சிட்டாராம்."

மண்டோர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "அப்ப மாத்திருவாரு" என்றார். இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் மாற்றாமல் இருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தை பிறந்தது. நீலத்தாள் மாறவில்லை. வெள்ளைக் கற்களைப் பள்ளத்தில் வரிசையாக நட்டாயிற்று. மண்டோர் இரண்டு நாளுக்கொரு தரம் வந்து நிற்பார்.

"இன்னும் மாத்தலீங்களே?"

"பெரிய இடம். மெதுவாகத்தான் நடக்கும்."

"கடலுக்குச் சொல்லிட்டாங்களாங்க, மெதுவா வரச் சொல்லி?"

நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். முதலில் எழுதியதைவிட அழகான நடை. எனக்கே இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பொருள் விளங்கிற்று. அந்த மாதம் முழுவதும் படுக்கப் போகுமுன் பஞ்சாங்கத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் மகத்துக்கு ஒரு நாள் கிட்டத்தில் இருந்தேன். அப்போதும் அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதத் துணியவில்லை. ஒருவேளை தண்ணீர் வராமல் போகலாம் என்று நம்பினேன்.

மகத்தன்று காலை ரெங்கம், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரிகள் வந்தன. இருநூறு பேருக்குக் குறையாது. நான் மேட்டில் துரைக்கு நாற்காலி போட்டு, மாலையை ஈரத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றேன். வானம் தெளிவாக இருந்தது. காற்று மட்டும் நிற்காமல் கடலிலிருந்து அடித்தது. பள்ளம் காய்ந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நம்பிக்கை வந்தது.

பள்ளத்து வாசலில் மண்டோரும் பன்னிரண்டு ஆட்களும் குறுக்கே கயிறு பிடித்து நின்றார்கள்.

"கீழ போகாதீங்க. எல்லாரும் மேட்டுக்குப் போங்க. பத்தரைக்கு மேல தண்ணி வரும்."

லாரிகளில் ஆட்களைக் கூட்டி வந்த தோட்டத்துக் கங்காணி மேட்டைப் பார்த்தார். அங்கே வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று மூன்று பாஷையில் பலகை நட்டிருந்தது. "யோவ், அது தொரைமாரு எடம்யா! எங்கள அடி வாங்க வெக்கறதுக்கா பாக்கற?"

"அடி வாங்குனா ஆறிப்போகும்ணே. சொல்றத கேளுங்க."

"எங்கய்யா தண்ணி?" ஒரு கிழவி குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி அவர் முகத்துக்கு நேரே உதிர்த்தாள். "ஒரு சொட்டு இருக்கா? காலையிலயே கள்ளு போட்டியா?"

கூட்டம் சிரித்தது. கயிற்றைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனது. தண்ணீரைவிட அந்தப் பலகைக்குத்தான் அவர்கள் பயந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நான் யார்? மூன்று பாஷைகளில் தமிழ் எழுத்து என்னுடையது. பெரிதாகவும் தெளிவாகவும் எழுதியிருந்தேன்.

கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். பானைகளில் பொங்கல் வேக ஆரம்பித்தது. மண்டோர் கடலைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். பிறகு மேட்டுக்கு ஓடிவந்து, எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்த பலகையை மண்வெட்டியால் நெம்பிப் பிடுங்கினார்.

"மண்டோரே! சர்க்கார் பலகை!" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. பலகையைச் சவுக்குப் புதரில் எறிந்துவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினார். தலைத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்தக் கிழவியின் அடுப்பிலிருந்து கொதிக்கிற பானையைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தார்.

"அடேய்! என் பானைய எங்கடா தூக்கிட்டுப் போற! பொங்கற பானைடா! பாவி, வெளங்குவியா நீ!"

கிழவி கரண்டியோடு துரத்தினாள். அவள் பின்னால் மகன், மருமகள், பேரப் பிள்ளைகள். அதைப் பார்த்த முனியனும் மற்றவர்களும் ஆளுக்கொரு பானையைத் தூக்கினார்கள். வேறு எதற்கும் அந்த ஜனங்கள் மேடேறியிருக்க மாட்டார்கள். மாசி மகத்தன்று பொங்கிக்கொண்டிருக்கிற பானையை விட்டுவிட்டு எந்தக் குடும்பம் கீழே நிற்கும்? பள்ளம் முழுவதும் வைதுகொண்டும் கல்லெறிந்துகொண்டும் மேலே ஏறிற்று. கங்காணி மண்டோரின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டார். அப்போதுதான் கீழே விட்டு வந்த அடுப்புகளிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது.

எல்லாரும் திரும்பினோம். கொள்ளி எரிந்த குழிகளிலிருந்து தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. சாம்பல் மிதந்தது. சற்று நேரத்தில் ஓடை முகத்துவாரத்தில் ஒரு பெரிய அலை திரும்பி உள்ளே பாய்ந்தது. அதற்குப் பின் இன்னொன்று. வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒரு பாய், இரண்டு குடை, ஒரு குழந்தையின் தூளித் துணி மிதந்து போயின. தூளி காலியாக இருக்கிறதா என்று ஒரு பெண் அலறினாள். குழந்தை அவள் இடுப்பிலேயே இருந்தது. மறுபடி மறுபடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

துரையின் கார் பதினொன்றரைக்கு வந்தது. அவர் கண்ட காட்சி: தம் நாற்காலியைச் சுற்றி இருபது பொங்கல் பானை, வெள்ளைக்காரர்களுக்கென்று அடித்த கூடாரக் கயிறுகளில் கடலாடிய ஈரச் சேலைகள், பலகை இருந்த இடத்தில் ஒரு குழி. கீழே இடுப்பளவுத் தண்ணீர். முகம் சிவந்து, பலகையைப் பிடுங்கியது யார் என்று கேட்டார்.

"நான்தான், துவான்" என்றார் மண்டோர் மலாயில்.

இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் ஏன் முன்னமே எழுதவில்லை என்று துரை கத்தினார். எழுதினோம் என்று நான்தான் முணுமுணுத்தேன். என் பையில் இருந்த நகலை வாங்கிப் படித்தார். ஈரம் என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றார். தலையைத் தூக்கிப் பள்ளத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "இதுதான் நீ சொன்னதா?" என்று மலாயில் மண்டோரைக் கேட்டார்.

மண்டோருக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பக்கம் திரும்பினார். "என்னா எழுதியிருக்குங்க?"

நான் தமிழில் சொன்னேன். ஓரளவு. காணக்கூடும். பணிவுடன் கருதுகிறார். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்றுகூட விரும்பினேன். அவர் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துரையிடம் சொன்னார்:

"பெத்துல், துவான்."

சரிதான் துரை, என்று பொருள். ஈரம் என்று சொல்லிவிட்டுச் சர்க்கார் பலகையைப் பிடுங்கி எறிந்தவர் என்று அவர்மேல் குற்றம் எழுதிக் கோப்பு முடிந்தது. அந்த மாதப் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. தட்டச்சு செய்தவன் நான்.

மண்டோர் கப்பல் சீட்டு வாங்க வந்தபோது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் இல்லைன்னு சொன்னா ஒங்களையும் சேத்து அனுப்புவாங்க. வேற கிராணி வருவான்" என்றார். "அவன் இதுகூட எழுத மாட்டான். நீங்க ஈரம்னாச்சும் எழுதுனீங்களே."

அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

"இப்ப எழுதுங்க" என்றார். "சித்திரா பௌர்ணமிக்கு மறுபடி வருவாங்க. கல்லெல்லாம் இன்னும் அங்கதான் இருக்கு. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. ஒண்ணும் சேக்காதீங்க."

அவர் சொன்னார், எழுதினேன். மூன்றே வரி. பௌர்ணமிக்குப் பள்ளத்தில் கடல் வரும். குழந்தைகள் சாகும். இடத்தை மேட்டுக்கு மாற்ற வேண்டும். பணிவும் இல்லை, கருதுவதும் இல்லை. கீழே என் கையெழுத்தைப் போட்டேன். வீட்டுக்குப் போய், பெட்டியைக் கட்டி வைக்கும்படி மனைவியிடம் சொன்னேன். அவள் ஏனென்று கேட்காமல் கட்டினாள்.

ஒரு வாரம் கழித்துத் துரை கூப்பிட்டார். மேசைமேல் என் தாளும் அந்த நீலத்தாளும் கிடந்தன. "இது உன் இங்கிலீஷ் மாதிரி இல்லையே. யாருடையது?" என்றார்.

"மண்டோருடையது, துரை."

"அவன் எங்கே?"

"நேற்றுக் கப்பலில் போய்விட்டார்."

துரை சிவப்புப் பென்சிலை எடுத்துப் பள்ளத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அழுத்தி இழுத்ததில் நீலத்தாள் கிழிந்துபோயிற்று.